அப்பாருவின் இரண்டாம் அரிச்சுவடி

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எங்கள் ஊர் இருந்த இடத்தில் இருந்தபடியே மாநிலம் மாறியது. அதுவரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூரோடு இணைந்தது. அன்று அவ்வட்டத்தில் இருந்த மலையோர ஊர்தான் எங்கள் ராமாபுரம். 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் எங்கள் வீட்டு முதியோர் நாவில் இன்றும் 'மைசூர் ஜில்லா'தான்.

அன்று என் பாட்டனாருக்கு வயது இருபது. எங்கள் வழக்கில் அவர் 'அப்பாரு'. சந்தையில் விலை பேசவும் சண்டை போடவும் போதிய கன்னடம் அவருக்கு உண்டு. படிக்க அறிந்ததோ தமிழ் மட்டுமே. 1963இல் கன்னடத்தை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. நாளடைவில் நிலத்தின் பஹணி, வரி ரசீது எல்லாம் கன்னடத்தில் வந்தன. ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தால் படித்துச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. அப்பாருக்கு அது பிடிக்கவில்லை. "என் காட்டை இன்னொருத்தன் எனக்குப் படிச்சுக் காட்டறதா?" என்பாராம்.

நாற்பதாம் வயதில், என் தந்தையாரின் முதல் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார். தமிழில் ஒரே 'க' நிற்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு நின்றன. "ஒருத்தன் செய்யற வேலைக்கு நாலு ஆளு" என்று சலித்துக்கொண்டாராம். பிறகு ஒரு சாவி அகப்பட்டது. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து. பகரம் ஹகரமாகிறது! மொழிநூலார் இதை என்றோ விளக்கிவிட்டனர்; அப்பாருக்கோ இது தாமே கண்ட புதையல். எல்லாச் சொல்லுக்கும் அச்சாவி பொருந்தாது என்பதையும் அவரே கண்டுகொண்டார். பஹணியைத் தாமே படித்து, அதில் தந்தை பெயர் தவறாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு திருத்தி வாங்கினார். அன்று முதல் காப்பிச் செலவு நின்றது.

என் அப்பத்தாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் ஊர்க் கன்னடப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏங் கண்ணு, இது என்ன எழுத்து?" என்பார். அகர வரிசையில் அவர் கற்கவில்லை. பஸ் பலகை வரிசையில் கற்றார். முதலில் கொள்ளேகால், அடுத்து ஹனூர். எந்தப் பஸ் என்று பிறரைக் கேட்கும் கூச்சம் தீர்ந்தது.

அதே மாலைகளில் அப்பாரு எனக்குத் தமிழ் கற்பித்தார். பள்ளியில் தமிழ் இல்லை. நண்பர்களே, இம்மன்றத்தில் நான் உறுப்பினனாக இருப்பது அந்தத் திண்ணைப் பாடத்தால்தான்.

ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாள் 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்ற செய்தியை அப்பத்தாவுக்குச் சொன்னேன். வியப்பார் என்று எதிர்பார்த்தேன். "அந்தம்மாளுக்கு மிச்சம் ரெண்டு மார்க்கு எதுல போச்சாம்?" என்று கேட்டார்.

இவ்விதழில் ஒரு படி ஊருக்குப் போகும். ஒற்றுப் பிழை இருந்தால் அப்பாரு அடிக்கோடிடுவார். அப்பத்தாவோ தமிழ் அரிச்சுவடி ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.