தோற்றவன் யாரைத் திட்டுகிறான்?

கேம் செய்கிறவர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் அண்மையில் ஓர் இளைஞர் மேடையேறி, "ஆர்கேடெல்லாம் காசு பிடுங்குற பெட்டி, அந்தக் காலத்தோட போச்சு" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் செய்யும் கேம் போனில் ஓடுகிறது. அதில் ஒரு கோட்டை எழும்ப எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பொறுமை இல்லாதவர் காசு கொடுத்து வைரம் வாங்க வேண்டும். அவர் வாயால் காசு பிடுங்குவதைப் பற்றிக் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் முதலில் போர்டு மெக்கானிக். சென்னையில் வீடியோ கேம் கடைகள் நிறைந்திருந்த காலத்தில் சால்டரிங் அயர்னும் கையுமாக அலைந்தவன். இப்போது தனியாளாகப் பெட்டியும் செய்கிறேன், அதற்குள் ஓடும் கேமும் நானே எழுதுகிறேன். ஆர்கேடில் பேரம் வெளிப்படையானது. ஒரு டோக்கன், மூன்று உயிர், தீர்ந்தால் எழுந்து போ. அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறான். (கடைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக போர்டிலுள்ள டிப் ஸ்விட்சைத் தள்ளி மூன்றை இரண்டாக்கியதும் உண்டு. ஆனால் அது மறுநாள் காலையிலேயே பசங்களுக்குத் தெரிந்துவிடும்.)

இந்தத் தொழில் பெரிய கம்பெனிகளின் சொத்து என்று நினைப்பதும் தப்பு. 1978இல் டைட்டோவுக்காக 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்த தோமோஹிரோ நிஷிகாடோ கேமையும் வடிவமைத்தார், அது ஓடும் போர்டையும் வடிவமைத்தார். அதில் திரையில் வரும் பூச்சி எதிரிகளில், ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒரு தரம் வரையப்படுவதற்குள், ஒன்றுதான் நகரும். 55 பூச்சி இருக்கும்போது எல்லாம் ஓரடி நகர 55 பிரேம் ஆகும். சுடச் சுடக் கூட்டம் குறையும், மிச்சம் இருப்பவை விரையும். கடைசிப் பூச்சி தலைதெறிக்க ஓடும். பிராசசரின் இயலாமை அது. அவர் அதைச் சரிசெய்யாமல் விட்டார், உலகமே அந்தப் பதற்றத்துக்குக் காசு போட்டது. 1981இல் வில்லியம்ஸிலிருந்து வெளியேறிய யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும் 'விட் கிட்ஸ்' என்று சின்னதாகக் கடை போட்டு, மறு வருஷம் 'ரோபோட்ரான்: 2084' செய்து அதே வில்லியம்ஸுக்கே கொடுத்தார்கள். நடக்க ஒரு ஜாய்ஸ்டிக், சுட ஒரு ஜாய்ஸ்டிக், வேறு பட்டனே கிடையாது. 2013இல் வந்த 'கில்லர் குயீன்' நியூயார்க்கில் இரண்டு பேர் யோசித்தது. இரண்டு பெட்டி, பக்கத்துக்கு ஐந்து பேர், நத்தை மேல் ஏறிப் போயும் ஜெயிக்கலாம். காலம் போச்சாம்!

என் குரு ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து போர்டு பார்த்தவர். எல்லாருக்கும் அவர் பாய்தான். 'முஸ்தபா' கேம், அதாவது காப்காமின் 1993ஆம் வருஷத்து 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்', மஞ்சள் தொப்பிக்காரன் பெயரிலேயே நம் ஊரில் ஓடிய காலம். அதன் அசல் போர்டில் ஒரு பேட்டரி இருக்கும், அது செத்தால் போர்டும் செத்தது. இங்கே ஓடியதில் பெரும்பாலும் கள்ளப் போர்டு, அதற்கு அந்த வியாதி கிடையாது என்று சொல்லிச் சிரிப்பார். ரிப்பேர் முடிந்ததும் பாய் திரையைப் பார்க்க மாட்டார். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு பட்டனை அமுக்குவார், சத்தம் எப்போது வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். "லேட்டு" என்று மட்டும் சொல்வார். எனக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி பிரித்தால், போர்டைப் பெட்டியோடு இணைக்கும் ஜம்மா கனெக்டரில் பச்சை பூத்த ஒரு பின்னோ, தகடு தளர்ந்த ஸ்விட்சோ இருக்கும்.

ஒரு நாள் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். "தம்பி, தோத்தவன் தன்னையே திட்டிக்கிட்டா நாளைக்கும் வருவான். மெஷினைத் திட்டுனான்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்" என்றார்.

நான் சொந்தமாகப் பெட்டி செய்ய உட்கார்ந்தபோது இந்த 'லேட்டு' என்னை ஆட்டிப்படைத்தது. ஒரு பிரேம் என்பது 16.7 மில்லி செகண்ட். பழைய போர்டுகள் பலவற்றில் அமுக்கினால் ஓரிரண்டு பிரேமுக்குள் பிக்சர் டியூபில் படம் கோடு கோடாக இறங்கிவிடும். இன்றைக்குக் கணினி அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம், ஆனால் வழியில் டோல்கேட் அதிகம். யுஎஸ்பி ஒரு பங்கு எடுக்கும், கேம் இன்ஜின் பிரேம்களை வரிசையில் நிறுத்தும், திரையோடு தாளம் சேர்க்கும் வி-சிங்க் இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும், கடைசியில் டிவி படத்தை அழகாக்குகிறேன் என்று உட்கார்ந்துகொள்ளும். என் முதல் பெட்டியில் ஆள் குதிப்பதற்குள் குழி வந்துவிட்டது. விளையாடிய பையன் பெட்டியைத்தான் திட்டினான்.

அளக்க ஒரு வழி உண்டு. பட்டனோடு ஓர் எல்.இ.டி.யை இணைத்து, அதைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி, போன் கேமராவை 240 பிரேம் ஸ்லோ மோஷனில் வைத்துப் படம் பிடியுங்கள். விளக்கு எரிந்த படத்திலிருந்து ஆள் அசைந்த படம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் 4 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். டிவியில் அந்த அழகாக்கும் வேலையைக் குறைக்கும் கேம் மோட், இன்ஜின் வரிசையில் ஒரே பிரேம், பட்டனை மில்லி செகண்டுக்கு ஒரு தரம் பார்க்கும் சின்ன கன்ட்ரோலர் என்று இறக்கிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சியது. அது ஸ்விட்சிலேயே இருந்தது.

மைக்ரோ ஸ்விட்ச் ஒரே தரமாக ஒட்டாது. உள்ளே தகடு துள்ளும். ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டும். பாடப்புத்தகம் பார்த்து எழுதுகிறவர்கள் துள்ளல் அடங்கும் வரை பொறுத்து, அப்புறம்தான் 'அமுக்கினான்' என்று கணக்கில் எடுப்பார்கள். ஒரு பிரேம் அங்கேயே போச்சு. தகடு முதலில் தொட்ட கணத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் வரும் துள்ளலைத்தான் சில மில்லி செகண்டுக்குக் கண்டுகொள்ளக் கூடாது. கிரவுண்ட் வயர் ஒழுங்காக இருந்தால் இது பிசகாது. கிரவுண்டை ஒழுங்காக அடிக்கத்தான் இப்போது ஆளில்லை.

இதை இளையவர்களிடம் சொன்னால், "அவ்வளவு நுணுக்கம் யாருக்குண்ணே தெரியப்போகுது?" என்கிறார்கள். விளையாடுகிறவனுக்குத் தெரியாது, உண்மைதான். அவன் கைக்குத் தெரியும். இதே அலட்சியம்தான் படத்திலும். 'ஒரே போர்டில் ஆயிரம் கேம்' என்று விற்கிறார்களே, அதை வாங்கி அகலத் திரையில் மாட்டி, 224க்கு 288 என்று நெட்டுக்குத்தாக வரைந்த 'பேக்-மேனை' இழுத்துப் பூசணிக்காய் ஆக்குகிறார்கள். பழைய நினைவு என்று அதற்கு விளம்பரம் வேறு.

மால்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பெட்டியைப் பார்த்த ஒரு மால் மேலாளர், "நல்லாருக்கு சார், டிக்கெட் வருமா?" என்று கேட்டார். ஆடினால் மெஷின் தரும், பரிசுக்கு மாற்றிக்கொள்ளும் டிக்கெட். வராது என்றேன். "அப்ப பிள்ளைங்க எதுக்கு விளையாடுவாங்க?" என்றார், மெய்யாகவே புரியாமல். பொம்மை பிடிக்கும் இடுக்கி மெஷின்களின் பல மாடல்களில், இடுக்கி எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தரம் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை நடத்துகிறவரே செட்டிங்கில் வைக்கலாம். குழந்தை ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு சரியாக நகர்த்தினாலும் முடிவு வேறு இடத்தில் ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்தில், தோற்றால் உன் தப்பு, ஜெயித்தால் உன் திறமை என்று நிற்கிற என் பெட்டிக்கு இடமில்லை. மேடையில் பேசிய தம்பி திட்ட வேண்டியது எந்தப் பெட்டியை?

மால்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். இருபது டிக்கெட் மெஷினுக்கு நடுவே டிக்கெட் தராத பெட்டி ஒன்றாவது வையுங்கள். வீட்டில் டிவியில் விளையாடுகிறவர்கள் மெனுவுக்குப் போய்க் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது.