பெக்கியில் ஒரு குடிசை

இத்தாலி நாட்டின் தூரின் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், குன்றுகளிடையே பெக்கி என்னும் சிற்றூர் வருகிறது. புனித தொன் போஸ்கோ வளர்ந்த குடிசை அங்கேதான் இருக்கிறது. கீழே அடுக்களையும் தொழுவமும். படியேறினால் தாழ்ந்த கூரையுள்ள படுக்கை அறைகள். நம் ஊர்க் குடியானவர் வீடுகளுள் இதனினும் பெரியன பல உண்டு.

அவர் பிறந்ததும் இதிலேதான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயின் தந்தை பிரான்செஸ்கோ உழைத்து வந்த பிலியோனே பண்ணை வீட்டிலேயே 1815 ஆகஸ்டு 16 அன்று அவர் பிறந்தார். அவ்விடத்தில் இன்று பெருங்கோயில் ஒன்று நிற்கிறது. உண்மையைச் சொன்னால், எம் மனம் கோயிலை விட்டுக் குடிசைக்கே திரும்பிற்று.

இதை விலைக்கு வாங்கிய பிரான்செஸ்கோ இதில் குடியேறவில்லை. 1817 மே மாதம் நோயுற்று மாண்டார். இருபத்தொன்பது வயது விதவை மார்கரீத்தா, மாமியாரையும் மூன்று சிறுவரையும் அழைத்துக்கொண்டு இங்கு வந்தார். அது பஞ்ச காலம். காசு கொடுத்தும் தானியம் அகப்படவில்லை. அவ்வம்மையார் முழந்தாளிட்டுச் செபித்து எழுந்து, அண்டை வீட்டார் துணையுடன் தொழுவத்துக் கன்றை அறுத்துச் சமைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அடுக்களையில் நிற்கையில் எமக்கு அந்தோனியோவின் நினைவே மிகுதியாக வந்தது. பிரான்செஸ்கோவின் முதல் தாரத்து மகன் இவர். தம்பி அருளப்பன் புத்தகம் ஏந்துவதைப் பொறாதவர். புத்தகமின்றியே தான் திடமாக வளர்ந்ததாக இவர் சொல்ல, நம் கழுதையும் பள்ளிக்குப் போகாமலே உன்னிலும் பெரிதாக வளர்ந்திருக்கிறதே என்று தம்பி விடையிறுத்து ஓட்டம் பிடித்தாராம்! பூசல் முற்றவே, தாய் தம் இளைய மகனைப் பன்னிரண்டு வயதில் மோலியா பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. பிரசங்கங்களில் அந்தோனியோவை நாம் எளிதாகக் கடிந்துகொள்கிறோம். மூன்று வயதில் தாயையும், ஒன்பது வயதில் தந்தையையும் இழந்து, அவ்வயதிலேயே மண்வெட்டி பிடித்தவர் அவர் என்பதை நாம் சொல்வதில்லை. 1830இல் சொத்தைப் பாகம் பிரித்த பின்னரே வீட்டில் அமைதி வந்தது.

1846 நவம்பரில் மகனின் அழைப்பை ஏற்று, மார்கரீத்தா இவ்வீட்டை விட்டுத் தூரினுக்கு நடந்தே சென்றார். அப்போது அவருக்கு 58 வயது. அநாதைச் சிறுவர்க்கு உணவும் உடையும் தேடவேண்டி, அதுவரை கலையாமல் காத்து வைத்திருந்த தம் திருமணச் சீரை விற்றார். அதிலிருந்த துணிகளுள் சில, சிற்றாலயத்தில் பூசை உடுப்புகளாயின.