வீதி உயர்ந்தது, வாசல் தாழ்ந்தது

மருதனார்மடத்தில் காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் வாப்பாவின் சிறிய புடவைக்கடை இருக்கிறது. முன்பு மூன்று படிகள் ஏறித்தான் உள்ளே போக வேண்டும் என்று உம்மா சொல்வார். இப்போது ஒரு படிதான் தெரிகிறது. படிகளை யாரும் இடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மேலேயே தார் போட்டதால் வீதி உயர்ந்துவிட்டது.

கடந்த கார்த்திகை மழையில் வெள்ளம் வாசலைத் தாண்டி வந்தது. நனைந்த புடவைகளை வாப்பா பாதி விலைக்குக் கொடுத்தார். அந்த மாதம் என் ரியூசன் காசு பிந்தித்தான் கட்டப்பட்டது.

நல்ல வீதி எல்லோருக்கும் வேண்டும். நோயாளியை ஏற்றிச் செல்லும் ஓட்டோவுக்கும் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் அது தேவை. ஆனால், அதைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பழைய தளத்தை இயந்திரத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய கலவை வீணாவதில்லை. சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பிறகு வாய்க்காலைத் துப்புரவாக்கி, நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்க, நீர் இருபுறமும் வடியும்படி தளமிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டிய பின்பே புதிய தளம் போட வேண்டும் என்று பணித்தார்.

வற்றாத ஆறு இல்லாத எங்கள் குடாநாட்டில், மழைநீர் நிலத்துக்குள் இறங்கினால்தான் கிணறு ஊறும். வாசலுக்குள் வந்தால் அதே நீர் இழப்பாகிவிடுகிறது.

ஒழுங்கையில் உள்ளவர்கள் சேர்ந்து பிரதேச சபைக்கு ஒரு மனுக் கொடுக்கப் போகிறார்கள். அதை எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் வரியை எழுதிவிட்டேன்: “பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.”