பூவாற்றிலிருந்து தெற்கே ஒரு வள்ளப் பயணம்

பாறசாலையைத் தாண்டினால் ரயில் தமிழ்நாட்டினுள் புகுந்துவிடுகிறது. ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயிலிடுவதற்குள் எல்லை வந்து போய்விடும். 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது முதல் இவ்வெல்லையைக் கடப்பது அவ்வளவு எளிதாகிவிட்டது. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ரயிலைக் குறை கூறலாகாது. ஆயினும் அதே எல்லையை நீர்வழியே, என் கைத்துடுப்பின் பலத்தால் ஒருமுறை கடக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

ஓய்வு நாட்களில் வள்ளம் தள்ளுவது என் பொழுதுபோக்கு. நகரங்களில் இதற்கென்றே கழகங்கள் உண்டு. சென்னை அடையாற்றங்கரையில் 1867-லேயே படகுக் கழகம் ஏற்பட்டுவிட்டது. அங்கே படகைச் செலுத்துவோர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, ஒரே நீர்ப்பரப்பில் போவதும் வருவதுமாக இருப்பர். அது உடலுக்கு நல்ல பயிற்சிதான். எனக்கோ முன்னோக்கி அமர்ந்து, இதற்குமுன் காணாத ஒரு துறையில் போய் இறங்கினாலன்றி மனம் நிறைவதில்லை.

விடுமுறைக்கு ஊர் வரும் நம் குடும்பங்கள் கோவளத்தையும் கன்னியாகுமரியையும் கண்டு திரும்பிவிடுகின்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ் ஏறினால் பூவாறு வெகுதூரமில்லை. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு அங்கேதான் அரபிக் கடலில் கலக்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் அலை மோதுகிறது, மறுபக்கம் நீர் அசையாமல் கிடக்கிறது. உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார்ப் படகுகள் அங்கே ஏராளம். எங்களுக்கு வேண்டியது துடுப்பு வள்ளம். அதனை வாடகைக்குப் பெறவே அரை நாள் அலைய நேர்ந்தது.

‘எங்களுக்கு’ என்றேன். உடன் வந்தவர் என் மாமா. வயது 82. சிறுவயதில் தம் தகப்பனாருடன் தேங்காயும் தொண்டும் ஏற்றிய வள்ளத்தில் இந்தக் கால்வாயில் போய் வந்தவர். அவருடைய தமக்கையை, அதாவது என் பெரியம்மாவை, இரையுமன்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நடையிலும் அக்காள் வீட்டுத் துறையில் வள்ளம் நிற்கும்; நேந்திரங்குலை இறங்கும். பெரியம்மா இப்போது படுத்த படுக்கை. அவரிடம் மாமா, “பழையபடி வள்ளத்திலேயே வருகிறேன்” என்று தொலைபேசியில் வாக்களித்துவிட்டார். என்னைக் கேட்காமலேயே வாக்களித்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் கால்வாய்க்குப் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். பத்மநாப சுவாமியின் பெயர், இங்கிலாந்து ராணியின் பெயர், மன்னர் பெயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமந்த கால்வாய் அது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1860-ல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் உள்நாட்டு நீர்வழியால் இணைப்பது நோக்கம். வேலை மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுபோயிற்று. குமரியைக் கால்வாய் காணவேயில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூவாறு முதல் இரையுமன்துறை வரையுள்ள 11 கிலோமீட்டர் தேசிய நீர்வழி எண் 13 ஆகும். காகிதத்தில் அதனைக் கண்டபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

விடியற்காலையில் புறப்பட்டோம். நான் முன்னே துடுப்புடன். மாமா பின்னே நீண்ட மூங்கில் கழியுடன். நடுவில் நேந்திரங்குலை ஒரு பயணியைப்போல் வீற்றிருந்தது. வலப்புறம் தென்னைகளுக்கு அப்பால் கடலின் ஓசை, இடப்புறம் தாழம்புதர்கள். நீர்க்காகம் ஒன்று எங்களுக்கு முன்னே மூழ்குவதும் எழுவதுமாக வழிகாட்டிற்று. நான் அவசரப்பட்டுத் துழாவினேன். “மக்களே, தண்ணீரை அடிக்காதே, பிடித்துத் தள்ளு” என்றார் மாமா. எங்கள் பக்கத்தில் ஒருவரை அழைப்பதும் ‘மக்களே’ என்றுதான். அவர் கழியூன்றும்போது நீரில் சத்தமே எழவில்லை.

வழியெல்லாம் அவர் ஊர்ப் பெயர்களை ஒப்பித்தார்: பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. நான் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வதுகூட அத்தனை சரளமாக இராது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்போது மாமாவுக்குப் பதின்மூன்று வயது. “அக்காள் வேறு ராஜ்யத்துக்காரி ஆகிவிட்டாள் என்றார்கள். அடுத்த நடையில் கூர்ந்து பார்த்தேன். தண்ணீரில் கோடு ஒன்றையும் காணோம்” என்று சிரித்தார்.

பொழியூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஆகாயத்தாமரை எதிர்ப்பட்டது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். பின்னர் கரைக்குக் கரை பச்சைப் பாய் விரித்தாற்போல. துடுப்பு சிக்கியது. மாமா கழியை ஊன்றித் தள்ளினார். கழி சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் போராடி ஒரு தென்னை நீளம்கூடச் செல்லவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள், “இதற்கப்பால் வள்ளம் போய் நான் பார்த்ததே இல்லை, அப்பூப்பா” என்றாள்.

மாமா பதில் சொல்லவில்லை. கழியை மடிமேல் வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தபடி இருந்தார். கல்லும் கரையுமாக வெட்டிய வழி கண்ணெதிரே நேராகக் கிடக்கிறது, நீரும் இருக்கிறது, போகத்தான் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதை யார்மேல் கொள்வது என்றுதான் விளங்கவில்லை. “பஸ்ஸில் போய்விடலாம் மாமா, ஒரு மணி நேரந்தான்” என்றேன். “பஸ்ஸில் போகத் தெரியாமலா இருக்கிறேன்? வள்ளத்தில் வருகிறேன் என்றல்லவா சொன்னேன்” என்றார்.

நேந்திரங்குலையை ஆட்டோ ஒன்றில் ஏற்றி இரையுமன்துறைக்கு அனுப்பினோம். திரும்பும்போது எதிர்க்காற்று, பூவாறு சேர நண்பகலாயிற்று. மாலையில் பெரியம்மா தொலைபேசியில், “குலை வந்தது, ஆளைக் காணோமே” என்று கேட்டாராம்.

மறுவாரம் மாமா ஒரு யோசனை கூறினார். இம்முறை தேங்காய்ப்பட்டினத்துப் பொழிமுகத்தில் வள்ளம் பிடிப்பது. அங்கிருந்து பெரியம்மா வீட்டுத் துறையில் போய் இறங்குவது. பிறகு பாசி தடுக்கும் வரையில் வடக்கே போய்ப் பார்ப்பது. வாடகைக்கு ஆள் விசாரித்தும் விட்டார். எனக்கு விடுப்புக் கிடைக்கவேண்டியதுதான் பாக்கி.