கிடைத்தது என்று எப்போது சொல்வது?

'கியூ' என்றதும் எங்கட தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது 2022. பெற்றோல் செட்டுக்கு முன்னால் விடிய விடிய நின்ற மோட்டார்சைக்கிள்கள், கயிற்றில் கோத்து வைத்த மண்ணெண்ணெய்க் கலன்கள். மென்பொருள்காரர் சொல்கிற கியூவும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே ஆட்களுக்குப் பதிலாகச் செய்திகள் நிற்கும். முதலில் வந்தது முதலில் போகும்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லுகிறோம்.

ஒரு ஆஸ்பத்திரியை எடுங்கோ. ஆய்வுகூடத்துக்கு ஒரு மென்பொருள், மருந்தகத்துக்கு இன்னொன்று, கணக்குப் பகுதிக்கு வேறொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலத்தில் எழுதியது. ஒன்றுக்கு மற்றதின் பாஷை விளங்காது. இவற்றை ஒன்றோடொன்று கதைக்க வைப்பதற்கென்றே தனியான மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் உலக அளவில் பெயர் எடுத்த ஒன்று எங்கட நாட்டில் இருந்தே வந்தது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் போல் ஃப்ரீமன்டிலும் இன்னும் சிலரும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் தயாரிப்பு அது. கொழும்பில்தான் அதன் பெரும்பாலான வேலை நடந்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால் கிளிநொச்சியில் இருந்துகொண்டும் இறக்கிப் பார்க்கலாம். நாங்கள் மூன்று பேர் ஒரு மடிக்கணினியில் அதைத்தான் செய்தோம்.

நடுவில் செய்திகளை வைத்திருக்க ஒரு 'புரோக்கர்' வேண்டும். ஆக்டிவ்எம்கியூ என்பது அப்படி ஒரு இலவசப் புரோக்கர். அனுப்புகிறவர் செய்தியை அதனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பெறுகிறவர் அந்த நேரம் நித்திரையாக இருந்தாலும் பரவாயில்லை. வந்து எடுக்கும்வரைக்கும் செய்தி அங்கே கிடக்கும். இந்த ஏற்பாட்டின் பெறுமதி வன்னியில் பிறந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு வவுனியாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் நேரடியாகக் கதைக்கிறது என்பது இல்லாத பொருள். செஞ்சிலுவைச் செய்தி என்று ஒரு திறந்த கடிதம் இருந்தது. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், ஒட்டக்கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதிலும் விஷயம்.

சரி, பெறுனரை எப்படி அமைப்பது? இந்த மென்பொருளின் பழைய பதிப்புகளில் அக்சிஸ்2 என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் பெறுனருக்கான பகுதி எழுதப்பட்டே இருக்கும். ஆனால் வேலை செய்யாதபடி குறிப்புக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். அந்தக் குறியை நாங்களாக எடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அதற்குக் காது இல்லை. புதிய பதிப்புகளில் 'டிப்ளோய்மென்ட்' என்ற ஒரு சின்னக் கோப்பில் ஐந்தாறு வரி எழுதினால் போதும். புரோக்கரின் பாஷையைப் பேசுகிற சில ஜார் கோப்புகளை 'லிப்' கோப்புறைக்குள் போட வேண்டும். புரோக்கர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆக்டிவ்எம்கியூ வழமையாக 61616 என்ற இலக்க வாசலில் நிற்கும். பிறகு வரிசையா, தலைப்பா என்று சொல்ல வேண்டும். தலைப்பு என்றால் கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி, கேட்கிற எல்லாருக்கும் போகும். வரிசை என்றால் தபால் மாதிரி, ஒரு செய்தி ஒருவருக்குத்தான்.

இவ்வளவும் ஒரு பின்னேரத்து வேலை. எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது இதற்குப் பிறகு வருகிற கேள்விதான்: பெறுனர் "கிடைத்தது" என்று எப்போது சொல்ல வேண்டும்?

இரண்டு வழி இருக்கிறது. செய்தி கைக்கு வந்த உடனேயே சொல்லலாம். சொன்னதும் புரோக்கர் தன்னிடம் இருந்த பிரதியை அழித்துவிடும். அதற்குப் பிறகு கரன்ட் போனாலும், தரவுத்தளம் விழுந்தாலும், அந்தச் செய்தி போனது போனதுதான். அனுப்பியவரின் கணக்கில் "கிடைத்தது" என்றிருக்கும், ஆனால் வேலை நடந்திருக்காது. மற்றது, வேலை முழுக்க முடிந்த பிறகு சொல்வது. அதற்கு 'செஷன் ட்ரான்சாக்டட்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று வைக்க வேண்டும். அது மட்டும் காணாது. பிழை வந்தால் ஓடுகிற பகுதியில் 'செட் ரோல்பேக் ஒன்லி' என்று ஒரு வரியும் எழுத வேண்டும். "என்னால் முடியவில்லை, செய்தியைத் திருப்பி வரிசையில் வை" என்பது அதன் பொருள். அந்த வரியை எழுதாவிட்டால், பிழை நடந்தும் எல்லாம் சரியாக முடிந்ததாகவே கணக்கு.

திருப்பி வைத்த செய்தியை ஆக்டிவ்எம்கியூ மறுபடி கொடுத்துப் பார்க்கும். வழமையான அமைப்பில் ஆறு தரம். அதற்கும் சரிவராவிட்டால் 'டெட் லெட்டர் கியூ' என்ற இடத்துக்குத் தள்ளிவிடும். செத்த கடிதங்களின் வரிசை. அந்தப் பெயர் தபால் கந்தோரில் இருந்து வந்தது. அங்கே போன செய்தி அழியாது. ஆனால் யாராவது ஒரு ஆள் போய்த் திறந்து பார்க்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

தமிழில் எழுதுகிற எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். 'நி' என்ற ஒரு எழுத்து யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். பெறுனருக்கு அந்த முறையைச் சரியாகச் சொல்லாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்தான் விழும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணம் என்றால் இன்னும் மோசம். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகளின் கோவை. எந்தப் பிழையும் காட்டாமல் வாங்கிக்கொண்டு "கிடைத்தது" என்று சொல்லிவிடும். அப்போது ஒரு ஆளின் பெயர் தொலைந்ததே ஒருவருக்கும் தெரியவராது.

பெயர்கள் தொலைவது எங்கட ஊரில் சின்ன விஷயம் இல்லை. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சாட்சியம் எடுத்தது. 2013இல் காணாமல் போனோர் பற்றி விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2016இல் சட்டம் இயற்றி, 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் வேலையைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரு புதுப் பெறுனர். தாய்மார் ஒவ்வொன்றுக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது: பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், கையளித்த நாள். "கிடைத்தது" என்பதற்குத் துண்டுகள் இருக்கின்றன. வேலை முடிந்தது என்று சொல்கிற துண்டு மட்டும் இல்லை. அதனால்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அவர்கள் இருந்து போராடத் தொடங்கினார்கள்.

இந்த ஒப்புமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. வரிசையில் நிற்கிற செய்தியை ஆறு தரம் திருப்பி அனுப்பினாலும் அதுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தாய் ஆறாம் தரம் சொல்லும்போது அவருக்கு ஆறு வயது கூடியிருக்கும். பலர் பதில் கிடைக்காமலே செத்தும் போய்விட்டினம். மென்பொருளில் இல்லாத செலவு அது. ஆகவே எந்தக் கணினியும் இதைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

நாங்கள் சொல்ல வருவது வேறு. கச்சேரியில் இருந்து ஜீ.எஸ் கந்தோர் வரைக்கும் இனி எல்லாம் டிஜிட்டல் என்கிறார்கள். காணி விண்ணப்பம், வீட்டுத்திட்டம், நட்டஈடு எல்லாம் ஏதோ ஒரு வரிசைக்குள்தான் போகப்போகிறது. கைத்தொலைபேசியில் "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது ஒரு கோப்பில் இருக்கிற இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எப்படி எழுதுவது என்பதை நிரலாளர் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது. அது உரிமை பற்றிய முடிவு. அதை விளங்கிக்கொள்ளக் கணினி விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை என்று எங்களுக்கே இப்போது தெரியும்.

ஆகவே அடுத்த முறை ஒரு கந்தோர் புது முறைமை ஒன்றை அறிமுகம் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கோ. கைக்கு வந்ததும் "கிடைத்தது" என்கிறீர்களா, வேலை முடிந்த பிறகா? சரிவராவிட்டால் எத்தனை தரம் முயற்சி செய்வீர்கள்? செத்த கடிதங்களின் வரிசையை ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிற ஆள் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பதவியின் பெயரைச் சொல்லத் தெரியாதவர்களிடம் விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளாமல் கொடுக்காதேங்கோ.