ஒரு முறைதான் கேட்பார்கள்

பின்லாந்தின் தாம்பெரே நகர எல்லையில் உள்ள ஒரு வீட்டில், 2018 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கே இரவுச் சாப்பாடு பரிமாறப்பட்டது. பரிமாறப்பட்டது என்று சொல்வதுகூடச் சரியல்ல. மேஜை நடுவில் பெரிய பாத்திரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவரவர் எடுத்து ஊற்றிக்கொண்டார்கள். புது உருளைக்கிழங்கு, காரட், பச்சைப் பட்டாணி போட்டுப் பாலில் கொதிக்கவைத்த சூப். ‘கேசகெய்த்தோ’, அதாவது கோடை சூப் என்று பெயர். தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்க வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு வயது இருபது. உப்பு குறைவு, காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அந்தக் குளிருக்கு சூப் இதமாக இருந்தது. தட்டு காலியானது.

“இன்னும் கொஞ்சம்?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

“வேண்டாம், போதும்” என்றாள்.

அது நிஜமான ‘வேண்டாம்’ அல்ல. விருந்தாளி சொல்லியாக வேண்டிய முதல் ‘வேண்டாம்’. இரண்டாம் முறை கேட்டால் “ஐயோ, நிறைய ஆச்சு” என்று தட்டைக் கையால் மறைக்க வேண்டும். மூன்றாம் முறை கேள்வி இருக்காது, கரண்டி நேராகத் தட்டுக்கு வரும். “கொஞ்சமா, கொஞ்சமா” என்றபடி ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த நாடகத்தில் அவளுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். எதிரே இருந்தவருக்குத்தான் நாடகம் நடப்பதே தெரியாது. அவர் தலையை ஆட்டினார், பாத்திரத்தை மூடினார், எடுத்துப்போய் உள்ளே வைத்துவிட்டார். அடுத்து வந்த புளூபெர்ரி கேக்குக்கும் இதே கதி. விடுதிக்குத் திரும்பி ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தவளுக்கு வயிற்றைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

வெளிநாட்டு மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களோடு பழகவிடும் ஏற்பாடு பின்லாந்தின் பல்கலைக்கழக நகரங்களில் உண்டு. அவளுக்குக் கிடைத்தது நல்ல குடும்பம்தான். என்ன சாப்பிடுவாய், என்ன சாப்பிட மாட்டாய் என்று ஒரு வாரம் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். மாமிசம், மீன் இரண்டும் கூடாது, முட்டை பரவாயில்லை என்று பதில் போட்டதும் அதற்கேற்பச் சமைத்தும் வைத்தார்கள். இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் பாத்திரத்தை ஏன் மூட வேண்டும்? கஞ்சத்தனம் என்று முடிவு கட்டினாள். இருபது வயதில் முடிவுகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன.

பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் வேறு விதமான சிக்கல். மதிய உணவு பத்தரை மணிக்கே ஆரம்பம்; பன்னிரண்டு மணிக்கு வரிசை கரையத் தொடங்கிவிடும். விலையில் குறை சொல்ல முடியாது. ‘கேலா’ என்ற அரசு சமூகக் காப்பு நிறுவனம் ஒரு பகுதியை ஏற்றதால் அப்போது மூன்று யூரோவுக்கும் குறைவாக முழுச் சாப்பாடு கிடைத்தது. ஒரு பதார்த்தம், உருளைக்கிழங்கு, பச்சைக் காய்கறி, ரொட்டி, வெண்ணெய், ஒரு தம்ளர் பால். மீசை நரைத்த பேராசிரியர்கூடப் பால் தம்ளரோடு உட்கார்ந்திருப்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்காருவார்கள். பேச்சு இல்லை. ஸ்பூன் சத்தம்தான்.

வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப்பும், பின்னாலேயே ஜாம் தடவிய அடை போன்ற பான்கேக்கும் வரும். கத்தோலிக்கக் காலத்தில் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முந்தின நாள் வயிற்றை நிரப்பிக்கொண்ட பழக்கம் இது. நாடு லூதரன் மதத்துக்கு மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகியும் வியாழன் மாறவில்லை. ராணுவத்திலும் அதே மெனுதான். சூப்பில் பன்றிக்கறி இருக்கும் என்பதால் சைவக்காரர்களுக்குத் தனிப் பாத்திரம். அதில் கடுகு விழுது கலந்து சாப்பிட்டபோதுதான் அவள் நாக்குக்கு முதன்முதலாக ஏதோ உறைத்தது.

அறைத்தோழி ஒருநாள் கறுப்பு மிட்டாய் ஒன்றை நீட்டினாள். ‘சால்மியாக்கி’. வாயில் போட்டதும் கண்ணில் நீர் வந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டோடு சூடாகத் தூவித் துடைப்பாரே, நவச்சாரம், அதேதான் அதில் சேர்க்கிறார்கள். அந்த நாட்டில் குழந்தைகளிலிருந்து கிழவர்கள் வரை ஆசையோடு சப்புகிறார்கள். இந்த நாட்டுச் சாப்பாட்டை மற்றவர்கள் கேலி செய்வதும் புதிதல்ல. 2005இல் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் பிரெஞ்சு அதிபர் சிராக்கும் அடுத்தடுத்து மட்டம் தட்டினார்கள். பின்லாந்துக்காரர்கள் கூச்சல் போடவில்லை. 2008இல் நியூயார்க்கில் நடந்த பீட்சா போட்டியில் கலைமான் கறி போட்ட பின்லாந்து பீட்சா முதல் பரிசு வாங்கியது. அதன் பெயர் ‘பெர்லுஸ்கோனி’.

ஆனால் வீட்டு ஏக்கத்துக்கு இப்படிப்பட்ட நகைச்சுவை மருந்தாகாது. நவம்பர் கடைசியில் காலை ஒன்பது மணிக்கு விடிந்து, பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிட்டது. பதினொரு மணிக்குச் சாப்பிட்டது ஐந்து மணிக்குள் கரைந்துபோகும். தில்லியில் இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு ஒன்பதுக்குப் பசித்து அழும். பொதுச் சமையலறையில் அப்பளம் பொரித்தால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று பயம். ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினாள். சல்வார் தொளதொளத்தது. ஞாயிறுதோறும் அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி “என்னடி சாப்பிட்டே?” தினமும் சமைப்பதாகப் பொய் சொல்வாள். டிசம்பரோடு திரும்பிவிட அனுமதி கேட்டு ஒரு கடிதம்கூட எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

சுற்றிலும் கடைகள் நிறைய உணவு. யாரும் அவளை ஒதுக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு பெண் மூன்று மாதம் அரைப்பட்டினி கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. பின்லாந்து நாகரிகத்தின் மேல் ஒரு குறை சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம். வாயைத் திறந்து கேட்காதவரின் பசி அங்கே யார் கண்ணுக்கும் படுவதில்லை.

அந்த வாரம்தான் ஓர் ஆரம்பப் பள்ளியில் இந்தியாவைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் குழந்தைகளோடு சாப்பாடு. முதல் வகுப்புப் பையன், ஏழு வயது இருக்கும், தட்டை ஏந்திக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் முன் நின்று யோசித்தான். பின்னால் வரிசை காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு எடுத்தான். துருவிய காரட், ரொட்டி, பால். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுந்துபோய் இன்னொரு கிழங்கு எடுத்துவந்தான்.

“எவ்வளவு போட்டுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்வதில்லையா?” பக்கத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆசிரியையிடம் கேட்டாள்.

“தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும் என்போம். எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அவன் வயிறு அவனுக்குத்தானே தெரியும்.”

எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று பின்லாந்து சட்டம் இயற்றியது 1943இல். போர் நடந்துகொண்டிருந்த ஏழை நாடு அது. ஏற்பாடு செய்ய உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டு 1948இல் முழுமையாக நடப்புக்கு வந்தது. பிள்ளைகளும் சும்மா வந்து சாப்பிடவில்லை. பள்ளிச் சமையலுக்காகக் காய்கறி வளர்க்கவும் காட்டில் பெர்ரி பொறுக்கவும் அனுப்பப்பட்டார்கள். ஆசிரியை இதைச் சொன்னபோது அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில், காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுக்காக, எழுபதுகளில் அலுமினியத் தட்டோடு நின்றவர் அம்மா. இரண்டாம் முறை கேட்டால் கிடைக்காது என்பதால் முதல் தடவையே தட்டை நன்றாக நீட்டுவார்களாம். ராமகிருஷ்ணபுரத்து வீட்டுக்கு வருகிற யாரையும் மூன்று முறை கேட்காமல் அம்மா விட்டதில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் மறுபடியும் அந்தக் குடும்பத்திலிருந்து அழைப்பு. இந்தத் தடவை வீட்டுக்காரம்மாவின் தாயாரும் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். பாட்டியை அவர்கள் ‘மும்மோ’ என்கிறார்கள். ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. மும்மோ பிறந்த ஊர் இன்று ரஷ்யாவில் இருக்கிறது. 1939க்கும் 1944க்கும் இடையே சோவியத் யூனியனிடம் கரேலியா பறிபோனபோது, அங்கிருந்து கிளம்பிய 4 லட்சத்துக்கும் அதிகமான மக்களில் மும்மோவின் குடும்பமும் ஒன்று. மாட்டையும் மூட்டையையும் கொண்டுவந்தவர்கள், கூடவே ஒரு பலகாரத்தையும் கொண்டுவந்தார்கள். இன்று பின்லாந்தின் எந்த மூலைக் கடையிலும் கிடைக்கிற கரேலியப் பணியாரம், ‘கார்யலான் பீராக்கா’.

‘ரை’ என்ற தானியத்தின் கறுத்த மாவை அப்பளம் போல மெல்லியதாகத் தேய்த்து, நடுவில் பாலில் குழைய வெந்த அரிசிக் கஞ்சியை வைத்து, இரண்டு ஓரத்தையும் விரலால் மடிப்பு மடிப்பாகக் கிள்ளிச் சுடுவார்கள். முன்பு உள்ளே வைத்தது பார்லி. அரிசி பின்னால் வந்தது. இந்தப் பெயரில் விற்க இப்படித்தான் செய்ய வேண்டும் என்று 2003இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்புகூட உண்டு. அரிசியை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவதாவது என்று கடையில் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒதுங்கிப்போயிருந்தாள்.

மும்மோ தேய்க்கத் தேய்க்க, மற்றவர்கள் கிள்ளினார்கள். அவளும் ஒன்றை எடுத்தாள். தீபாவளிக்குத் தீபாவளி சோமாசியின் ஓரத்தை மடித்துப் பழகிய விரல்கள், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மும்மோ தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மகளிடம் ஏதோ சொன்னார். “இத்தனை வருஷமாகியும் எனக்கு இந்த மடிப்பு வரவில்லையாம்” என்று வீட்டுக்காரம்மா சிரித்தார்.

அடுப்பு சூடாகும் வரை காபி. காபி குடிப்பதில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கும் நாடு அது. வேலை ஒப்பந்தங்களிலேயே காபி இடைவேளை எழுதப்பட்டிருக்கும். கூடவே ‘புல்லா’ என்ற பன். பிட்டதும் ஏலக்காய் மணம். பாயசத்தைத் தவிர வேறெதிலும் அவ்வளவு ஏலக்காயை அவள் பார்த்ததில்லை. மும்மோ போர்க்காலக் காபியைப் பற்றிச் சொல்ல, மகள் மொழிபெயர்த்தார். கொட்டை கிடைக்காமல் ரையை வறுத்துக் குடித்தார்களாம். காபிக்கு ரேஷன் ஒழிந்தது 1954இல்தான். அதற்கும் முந்தைய கதை ஒன்றும் வந்தது. 1866 முதல் 1868 வரையிலான பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் செத்துப்போனார்கள். மாவோடு பைன் மரப்பட்டையை இடித்துக் கலந்து ரொட்டி சுட்டார்கள். மும்மோவின் பாட்டி அந்த ரொட்டியைத் தின்றவர்களின் பிள்ளை. வீட்டில் யார் தட்டிலும் மிச்சம் இருக்கக் கூடாது. அதனால் யாருக்கும் அவர் சொன்னதற்கு மேல் போடவும் கூடாது.

பணியாரங்கள் வந்தன. மேலே வெந்த முட்டையை வெண்ணெயில் மசித்துத் தடவிக்கொள்ள வேண்டும். மூன்று சாப்பிட்டாள். வீட்டுக்காரம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தி, “இன்னும்?” என்றார்.

அவள் வாய் ‘வேண்டாம்’ என்று ஆரம்பிக்க இருந்தது.

“வேண்டும். இரண்டு” என்றாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. தட்டு வந்தது. கிளம்பும்போது மும்மோ ஒரு காகிதப் பையில் பத்துப் பணியாரம் கட்டிக் கையில் கொடுத்தார். அதற்கு மட்டும் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

கடிதம் அனுப்பப்படவில்லை. அதற்குப் பின் வந்த மாதங்களில் அவள் கண்டுபிடித்தவை பல. ‘பீமா’ என்று அட்டைப் பெட்டியில் விற்கும் புளித்த பாலைக் குழைந்த சோற்றில் விட்டு உப்புப் போட்டால் மோர்சாதம்தான். ஈஸ்டருக்கு வரும் ‘மம்மி’ பார்க்கச் சகிக்காது. கண்ணை மூடிச் சாப்பிட்டால் கருப்பட்டிக் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அப்பளம் பொரித்தாள், மணி அடிக்கவில்லை. எலுமிச்சை சாதம் கிளறிய ஒரு நாள் அறைத்தோழியிடம் “சாப்பிடுகிறாயா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள். “ம்” என்று பதில் வந்தது. இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அந்த அமைதி இப்போது உறுத்தவில்லை.

2019 ஜூனில் தில்லி திரும்பிய முதல் நாள் காலை. நாற்பத்து மூன்று டிகிரி வெயில். அம்மா அடுப்பருகே நின்று தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முடிந்தது.

“இன்னொண்ணு?”

“போதும்மா.”

அது நிஜமான ‘போதும்’. அம்மா தோசைத் திருப்பியோடு திரும்பி மகளைப் பார்த்தார். தொளதொளத்த சல்வாரைப் பார்த்தார். “அங்கே ஒழுங்காத்தான் சாப்பிட்டியா?” என்றார். குரல் கொஞ்சம் இடறியது.

“சாப்பிட்டேம்மா” என்று சொல்லப் போனவள் நிறுத்திக்கொண்டாள். “முதல் மூணு மாசம் இல்லை” என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தோசை தட்டில் விழுந்தது. அவள் மிளகாய்ப் பொடியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.