வெள்ளி என்னும் சொல்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களோடு பேசிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். டாலர் என்று அவர்கள் சொல்வது குறைவு. 'பத்து வெள்ளி', 'ஐம்பது காசு' என்றே கணக்குச் சொல்வார்கள். மலேசியாவில் ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. எனினும் பேச்சில் வெள்ளி இன்னும் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்நாடுகளில் இன்று கைமாறும் எந்த நாணயத்திலும் ஒரு குன்றிமணி வெள்ளிகூட இல்லை. உலோகம் போய்விட்டது, உலோகத்தின் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. மலாயா நாணயங்களை நாங்கள் சேகரிக்கத் தொடங்கியதற்கு இந்தச் சொல்லே காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

நாங்கள் என்பது மூவர். ஒருவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கெழுதுபவர். மூன்றாமவர், இதை எழுதும் பொறுப்பு வந்து சேர்ந்தவர், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், நாற்பதுகளைக் கடந்துகொண்டிருப்பவர். ஏலங்களில் பங்கெடுக்கும் வசதி மூவருக்கும் இல்லை. எங்களுக்கு நாணயங்கள் வருவது பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்து அடகுக்கடைகளிலிருந்தும், காயலான் கடைகளிலிருந்தும், பெரும்பாலும் தெரிந்தவர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்தும்தான். தொழிற்பேட்டையில் வெல்டிங் பழகிக்கொண்டு சிங்கப்பூர் சென்று திரும்பும் இளைஞர்களிடம் எப்போதும் ஒரு பிடி சில்லறை மிஞ்சியிருக்கும். நோட்டை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர்கள் நாணயத்தைத் தொடுவதில்லை. ஆகவே அது பூஜையறைத் தட்டிலோ குழந்தையின் உண்டியலிலோ போய்ச் சேர்கிறது. அங்கிருந்து எங்களிடம் வருகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் மலாயாக் காசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, ஆவடியின் பழைய வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆவடி என்றதும் 1955 காங்கிரஸ் மாநாட்டையும் அறுபதுகளில் எழுந்த டாங்கித் தொழிற்சாலையையும் சொல்லுவோம். அதற்கு முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்து அனுப்பும் முகாம் இங்கே இருந்தது. மற்றொரு முகாம் நாகப்பட்டினத்தில். கங்காணி கிராமங்களில் திரட்டிய ஆட்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள், சில நாட்கள் முகாமில் வைக்கப்படுவார்கள், மருத்துவப் பரிசோதனையும் அம்மைக்குத்தும் நடக்கும், பிறகு கப்பல். 1926 முதல் ஓடிய ரஜுலா கப்பலின் பெயர் இன்றும் பல குடும்பங்களில் வழங்குகிறது. பயணச் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் தண்டிய நிதி ஏற்றுக்கொண்டது. அந்த நிதி 1907இல் ஏற்படுத்தப்பட்டது. தோட்டங்களுக்கு இப்படி ஆள் அனுப்புவதை 1938 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. ஆவடி வழியாகப் போனவர்கள் கையில் அநேகமாக ஒன்றும் இல்லாமல் போனார்கள். திரும்பியவர்களின் முடிச்சில் வந்தவைதான் நாங்கள் தேடும் காசுகள்.

அந்தக் காசுகளின் கதையைச் சற்று வரிசையாகச் சொல்லிவிடலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த காலத்தில், 1845 என்னும் ஆண்டு பொறித்த செப்புக் காசுகள் அவற்றுக்கென அடிக்கப்பட்டன. ஒரு காசு, அரைக்காசு, கால்காசு. ஆட்சி கல்கத்தாவிலிருந்து நடந்தாலும் அங்காடிக் கணக்கு ரூபாயில் இல்லை, டாலரில்தான் இருந்தது என்பதற்கு அந்தச் செம்பே சாட்சி. 1867இல் அப்பகுதி லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறியது. 1903இல்தான் அதற்கென்று ஒரு வெள்ளி டாலர் வந்தது. அதை அடித்தது பம்பாய் நாணயச்சாலை. எடை ஏறத்தாழ 27 கிராம். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. முகப்பில் ஏழாம் எட்வர்டு மன்னர். பின்புறத்தில் ஆங்கிலத்தோடு சீன எழுத்தும் ஜாவி எழுத்தில் மலாயும் இருந்தன. தமிழ் இல்லை.

வெள்ளி விலை ஏறியபோது காசை உருக்கினால் லாபம் என்னும் நிலை வந்தது. ஆகவே 1907இல் டாலரின் எடை ஏறத்தாழ 20 கிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அது மேலும் சிறுத்தது. வெள்ளியும் பாதிக்குப் பாதி ஆனது. 1920, 1921ஆம் ஆண்டுகளின் ஐம்பது காசும் அப்படியே, எட்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையில் பாதி வெள்ளி. 1939இல் மலாயா நாணய ஆணையர்களின் பெயரில் வந்த சில்லறையில் முக்கால் பங்கு வெள்ளி திரும்பிவந்தது; 1943இல் மறுபடி பாதியானது. 1948இல் செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தபோது வெள்ளி முற்றாக விடைபெற்றது. இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளின் காசுகளை ஒரே மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால், உலோகம் படிப்படியாக வெளியேறுவதைக் கண்ணாலேயே காணலாம். பழையவற்றின் ஒலியும் நிறமும் வேறு. ஆனால் இந்தக் காலம் முழுவதும் தோட்டத்துத் தமிழர் அதை வெள்ளி என்றே அழைத்துவந்தார்கள்.

அவர்கள் கையில் அது எவ்வளவு தங்கியது என்பது வேறு கேள்வி. 1920களின் பிற்பகுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. அதாவது 1920ஆம் ஆண்டின் ஐம்பது காசு நாணயம் ஒன்று, ஓர் ஆண் விடியலுக்கு முன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்த ஒரு நாள். பெண்ணுக்கு அந்தக் காசு ஒரு நாளில் கிடைக்காது. இரண்டு இருபது காசுகள்தான். இந்தக் கணக்கு தெரிந்தபின் அந்த நாணயத்தை வெறும் நாணயமாகப் பார்க்க எங்களால் முடியவில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியபோது இந்தக் கூலியும் வெட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அப்படித் திரும்பிய ஒருவரின் காசுமாலையைப் பார்க்கும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு முன் திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டில் கிடைத்தது. அம்மாலைக்கு உரியவர் வடாற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆவடி முகாம் வழியாகக் கப்பலேறி, 1932இல் திரும்பியவராம். பேரன் பேத்திகள் மூவர். வீட்டைப் பாகம் பிரிக்கும்போது மாலையும் பெட்டியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. நடுவில் ஒரு டாலர். இருபுறமும் நான்கு நான்காக எட்டு ஐம்பது காசுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வளையம் வைத்துப் பற்றவைத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தார்கள். மன்னரின் மூக்கும் காதும் தேய்ந்து, ஆண்டு மட்டும் விரல் தடவினால் தெரிந்தது.

"சார், இதுக்கு என்ன விலை வரும்?" என்று மூத்த பேத்தி கேட்டார். அவருக்கே அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

எங்களில் விலைப்பட்டியல் அறிந்த நண்பர் உள்ளதைச் சொன்னார். வளையம் பற்றவைத்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்கிவிடுவார்கள். தேய்மானமும் அதிகம். உருக்குபவர்களுக்கோ பாதி வெள்ளி, பாதி செம்பு முதலிய கலப்பு. இரண்டு கணக்கிலும் பெரிய தொகை வராது.

அந்த அம்மாளின் முகம் வாடியது. "அவ்வளவுதானா? எங்க ஆயா இதை யாரையும் தொடவிடாது சார்."

அப்போதுதான் கூலிக் கணக்கைச் சொன்னோம். எட்டு ஐம்பது காசு நான்கு வெள்ளி. நடுவில் உள்ளதையும் சேர்த்தால் ஐந்து. நாளுக்கு நாற்பது காசு வீதம் ஒரு பெண் பன்னிரண்டரை நாள் உழைத்தால் இது வரும். அதுவும் உண்ணாமல், உடுக்காமல், தோட்டத்துக் கடையில் கடன் வைக்காமல் இருந்தால். உண்டு உடுத்து மிச்சம் பிடித்து இந்த ஒன்பதையும் சேர்க்க எத்தனை மாதம் ஆயிற்றோ, அந்தக் கணக்கு அவர் ஒருவருக்கே தெரியும். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகத் தடவிப் பார்த்தார். "பன்னெண்டரை நாளா" என்று மட்டும் கேட்டார்.

மாலையை முழுதாக வாங்கிக்கொள்வதற்கு எங்களால் இயன்ற தொகையைச் சொல்லிப் பார்த்தோம். மூவரும் மறுத்துவிட்டார்கள். கயிற்றை அறுத்து, தம்பிகள் இருவருக்கும் மும்மூன்று காசுகள், மூத்தவருக்கு இரண்டும் நடுவிலிருந்த வெள்ளியும் என்று பிரித்துக்கொண்டார்கள். முழுமையான ஒரு பொருள் சிதைந்ததே என்று சேகரிப்பாளரின் மனம் பதறத்தான் செய்தது. ஆனால் அது எங்கள் மாலை அல்ல. பிரிப்பதற்கு முன் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரைத்து ஒன்பதுக்கும் படி எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்தப் படிகள் எங்கள் ஆல்பத்தில் தனிப் பக்கத்தில் இருக்கின்றன.

நாணயவியலில் தேய்மானம் ஒரு குறை. கைபடாத காசுக்கே உயர்ந்த தரம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு படி இறங்கும். வாங்குபவன் ஏமாறாமல் இருக்க அந்த அளவுகோல் தேவைதான். ஆனால் சுவடியைப் பயில்பவர்கள் நாம். ஓரம் நைந்து, எண்ணெய் படிந்து, பல கைகள் புரட்டிய ஏட்டைக் குறைந்த தரம் என்று சொல்வதில்லை. அது படிக்கப்பட்ட ஏடு என்கிறோம். நாணயச்சாலைப் பையிலிருந்து நேராகப் பெட்டகத்துக்குப் போன 1920ஆம் ஆண்டுக் காசு ஒன்றும், தோட்டத்துச் சம்பள மேசையிலிருந்து கள்ளுக்கடைக்கும் செட்டியாரின் வட்டிக்கடைக்கும் போய்வந்த காசு ஒன்றும் எங்கள் முன் இருந்தால், இரண்டாவதைத்தான் எடுப்போம்.

போர்க்காலக் காசுகள் வேறு ஒன்றைக் கற்பித்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் காகித நோட்டுகளே வெள்ளமாகப் பாய்ந்தன. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் அப்பணத்துக்கே வாழையின் பெயர் வந்தது. ஜப்பான் சரணடைந்ததும் அது வெறுங்காகிதமாயிற்று. மண்ணில் புதைத்துவைத்த பழைய மலாயாக் காசோ மறுபடி செல்லுபடியானது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்களுக்கு, கடலுக்கு அப்பாலிருந்த தமிழ் வணிக உலகம் அந்த ஆண்டுகளில் எப்படி ஆட்டங்கண்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் வட்டிக்கடையில் பேரேடு இருந்தது. தோட்டத்தில் சம்பளம் வாங்கியவரிடம் பேரேடு கிடையாது. சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் காசு எந்த மண்ணில் கிடக்கிறதோ.

1967இல் மலேசியா, சிங்கப்பூர், புருனே மூன்றும் தத்தம் நாணயங்களை வெளியிட்டன. இவற்றைச் சேகரிக்கப் பணம் வேண்டியதில்லை, பொறுமை போதும். மலேசியாவின் 1989 வரிசையை வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் காட்டுவது எங்கள் வழக்கம். ஐந்து காசில் பம்பரம். பத்துக் காசில் சோங்காக் என்னும் விளையாட்டுப் பலகை; நம் பாட்டிமார்கள் பார்த்தவுடன் பல்லாங்குழி என்பார்கள். இருபது காசில் வெற்றிலைப் பெட்டி. ஐம்பது காசில் நிலாப் பட்டம். கீழே எழுதியிருப்பதை வாசிக்காமலே இவை நம்மவர்களுக்குப் புரிந்துவிடுகின்றன.

சிங்கப்பூரின் 1985 வரிசை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு டாலரில் பூத்திருப்பது நித்தியகல்யாணி. முகப்பில் அரசுச் சின்னத்தைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் உள்ளது. அவற்றுள் ஒன்று 'சிங்கப்பூர்' என்று தமிழில். தென்கிழக்காசியாவில் தமிழ் எழுத்து பொன்னோடும் பொருளோடும் சேர்ந்து தோன்றுவது இது முதன்முறையன்று. தென் தாய்லாந்தில் கிடைத்த ஒரு பொற்கொல்லரின் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமியில் பொறித்திருக்கிறது. அதன் காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு என்பர். அந்தக் கல்லில் ஒரு தொழிலாளி தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டான். 1903ஆம் ஆண்டு டாலரில் சீனமும் மலாயும் இருக்க, ரப்பர்க் காட்டை உண்டாக்கிய மொழிக்கு இடமில்லாமல் போயிற்று. 1985இல் இடம் கிடைத்தபோது காசில் வெள்ளி இல்லை. இதில் வருந்த எதுவுமில்லை. எழுத்துக்கும் உலோகத்துக்கும் இடையே தேர்ந்துகொள்ளச் சொன்னால், தமிழ் படித்தவர்கள் எதை எடுப்பார்கள் என்று கேட்கவும் வேண்டுமா!

எங்கள் ஆல்பத்தில் ஒவ்வொரு காசின் கீழும் ஒரு சிறு சீட்டு ஒட்டுகிறோம். நாடு, ஆண்டு, உலோகம், எடை, தரம் என்னும் வழக்கமான ஐந்து வரிகளோடு ஆறாவதாக ஒன்று: அது புழங்கிய காலத்தில் எத்தனை நாள் கூலி. தெரிந்தவற்றுக்கு எழுதுகிறோம்; தெரியாதவற்றுக்கு இடம் விட்டு வைக்கிறோம். சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த வெல்டர் தம்பி ஒருவர் ஒரு கைப்பிடிச் சில்லறையைக் கொட்டினார். அந்த ஆறாவது வரியைப் பார்த்தவர், கேட்காமலே பேனாவை வாங்கித் தம் டாலர் நாணயத்தின் சீட்டில் தம் ஒரு மணி நேரக் கூலியை எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில் அவர் எழுதிய சொல் 'வெள்ளி'.